பிடித்தம் போக

சோபாவுக்கு இரண்டு முனை உண்டு. இந்தச் சின்ன உண்மையை எங்கள் தெருச் சோபாக்காரர் ஐம்பது வயது தாண்டும்வரை ஒப்புக்கொள்ளாமலேயே காலம் தள்ளினார்.

கிழிந்த சோபாவைச் சீர்செய்து கொடுப்பது அவர் தொழில். துணியை உரிப்பார், அமுங்கிப்போன ஃபோமைப் பிடுங்குவார், துருவேறிய ஸ்பிரிங்கை மாற்றுவார், புதுத் துணி இழுத்துக் கட்டி ஆணி அடிப்பார். சோபாவின் வயிற்றுக்குள்ளிருந்து வருகிற சீப்பு, சில்லறை, பேனா மூடி, ஒருமுறை ஒரு முழுப் பல்செட் எல்லாவற்றையும் உரியவர்களிடம் ஒப்படைத்துவிடுவார். நேர்மையானவர். வேலை செய்யும்போது வாய் நிறைய சின்ன ஆணிகளை வைத்துக்கொள்வார். நாக்கால் ஒன்றை உதட்டுக்குத் தள்ளி, காந்தச் சுத்தியல் முனையில் ஒட்டவைத்து, ஒரே அடி. ஆணி வாயில் இருக்கிற நேரம் மட்டும்தான் அவர் பேசமாட்டார்.

மற்ற நேரமெல்லாம் பேச்சுத்தான், அதுவும் வரியைப் பற்றிய பேச்சு. என்னுடைய நகல் எடுக்கும் கடை அவர் கடைக்கு நேர் எதிரே இருப்பதால் எதுவும் என் காதுக்குத் தப்பாது. "கொட்டாவி விட்டா காத்துக்கு வரி கேப்பானுங்க" என்பார். "எனக்கு மேல முதலாளியும் இல்ல, கீழ தொழிலாளியும் இல்ல. நான் ராஜா" என்பார். ராஜாவுக்குச் சோபாவைத் தூக்க ஆள் வேண்டுமே? வாசலில் போகிற எவரையாவது பிடித்துக்கொள்வார். "ஒரு கை குடுங்க சார்" என்று ஆரம்பித்து மாடிப்படி ஏறவைத்துவிடுவார். சோபாவின் மறுமுனையை வாடிக்கையாளர்கள் தூக்கியிருக்கிறார்கள், தபால்காரர் தூக்கியிருக்கிறார், நானும் தூக்கியிருக்கிறேன். கூலி, ஒரு தேநீர்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது ஒருநாள் மூன்றுபேர் உட்காரும் பெரிய சோபா ஒன்றை மாடியிலிருந்து இறக்கினார்கள். மேல்முனையில் சோபாவின் சொந்தக்காரர், கீழ்முனையில் நம்மவர். பாதிப் படியில் சொந்தக்காரரின் செல்பேசி அடித்தது. அவர் எடுத்துப் பேசினார். செல்பேசியை எடுக்க ஒரு கை வேண்டும், மரியாதையாகப் பேச இன்னொரு கையும் வேண்டும் போலிருக்கிறது. முழு சோபாவும் நம்மவர் மார்பில் வந்து உட்கார்ந்தது.

இடுப்பு பிடித்துக்கொண்டது. மருத்துவர் எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு, "இனிமே தனியாத் தூக்கினா அடுத்த தடவை உங்களைத்தான் நாலு பேர் தூக்கணும்" என்றார்.

சோபாக்காரரின் மனைவி ஒரு ஹோட்டலில் சலவைப் பிரிவில் வேலை பார்க்கிறவர். ஈரப் படுக்கைவிரிப்பு மூட்டைகளைத் தள்ளித் தள்ளி உரமேறிய தோள்கள், வளைவு நெளிவில்லாத பேச்சு. கணவருக்கு முதுகில் தைலம் தேய்த்துக்கொண்டே விஷயத்தை ஆரம்பித்தார்.

"ஏங்க, என் தம்பி சும்மாதானே இருக்கான்."

"அவன் சும்மா இருக்கறதுதான் எல்லாருக்கும் நல்லது."

"உடம்புல வலு இருக்கு. சொன்னா செய்வான்."

"சொல்லாததையும் செய்வானே!"

அந்த அம்மாவின் கை சற்று அழுத்தமாக இறங்கியது. "ஐயோ, சரி, சரி!" என்று அவர் கத்தியது மைத்துனரை வேலைக்கு வைக்கச் சம்மதமா, இடுப்பு வலியா என்பது கடைசிவரை தெளிவாகவில்லை. சம்மதம் என்றே எடுத்துக்கொள்ளப்பட்டது.

மைத்துனருக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். ஆறடி உயரம், கள்ளங்கபடமில்லாத முகம். எந்த வேலையிலும் நிலைத்ததில்லை. திருட்டோ சோம்பலோ காரணமில்லை. கேட்ட கேள்விக்கு உண்மையைச் சொல்லிவிடுவார், அதுதான் வியாதி. கடைசியாக இருந்த செருப்புக் கடையில் "இது உழைக்குமா தம்பி?" என்று ஒருவர் கேட்க, "மழையில போடாதீங்க, வெயில்லயும் போடாதீங்க" என்று சொல்லியிருக்கிறார். இப்போது அக்கா வீட்டு ஹாலில், அத்தனை பேர் சோபாவையும் தைக்கிறவரின் சொந்தச் சோபாவில், காலை வெளியே நீட்டிப் படுத்துக்கொண்டிருந்தார்.

முதல் வாரம் கடை களைகட்டியது. மைத்துனர் ஒரு முனையைத் தூக்கினால் மறுமுனை தானாகவே எழுந்தது. சோபாக்காரர் என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். "ஆள் வச்சாச்சு. இனிமே முதலாளின்னே கூப்பிடலாம்."

இரண்டாவது வாரம் அவர் மனைவி ஒரு கேள்வி கேட்டார். "பதிஞ்சாச்சா?"

"எதை?"

"நீங்க முதலாளின்னு. ஆள் வச்சா பதியணும்ங்க. எங்க ஹோட்டல்ல மாசாமாசம் பிடிக்கறாங்களே, பாத்ததில்ல?"

பார்த்ததில்லை. மனைவியின் சம்பளச் சீட்டில் கடைசி வரியைத் தவிர வேறெதையும் அவர் படித்ததே கிடையாது. அன்றைக்கு முழுதும் படித்தார். பிறகு வரி அலுவலகத்தின் விளக்கக் கையேட்டை வாங்கிவந்து, நகல் எடுக்கிற சாக்கில் என் கடையில் உட்கார்ந்து அதையும் படித்தார். படிக்கப் படிக்க முகம், ஃபோம் எடுத்த சோபா மாதிரி உள்ளே போனது.

முதலில் முதலாளி என்று பதிந்து ஓர் எண் வாங்கவேண்டும். தொழிலாளி சம்பளத்திலிருந்து வருமான வரியைப் பிடிக்கவேண்டும். ஓய்வுக்கால நிதிக்கு அவருடைய பங்கையும் பிடிக்கவேண்டும். அதற்குச் சமமாக முதலாளி தன் கையிலிருந்து ஒரு பங்கு போடவேண்டும். எல்லாவற்றையும் மறுமாதம் கெடுவுக்குள் கட்டிவிட்டு, கட்டினேன் என்று கணக்கும் தாக்கல் செய்யவேண்டும். தொழிலாளிக்கு மாதாமாதம் சம்பளச் சீட்டு, வருடக் கடைசியில் ஒரு சான்று.

"இருங்க, இருங்க," என்றார் என்னிடம், நான்தான் சட்டத்தை எழுதியவன் போல. "சம்பளமும் நான் குடுக்கணும். அவன் வரியையும் நான் பிடிக்கணும். அதுக்கு மேல என் காசையும் போடணும். எல்லாத்தையும் சுமந்துட்டுப் போய்க் கட்டணும். அப்ப வரி ஆபீஸுக்கு வசூல் பண்ற ஆள் நானா? இதுக்கு எனக்கு யார் சம்பளம் குடுப்பா?"

யானை வாங்கியவன் அங்குசத்துக்கு அழுவான் என்பார்கள். இவர் யானைக்குத் தீனி வேறு போடவேண்டும் என்பதை அன்றுதான் கண்டுபிடித்திருக்கிறார்.

இந்த நிலையில் பெயிண்ட் கடைக்காரர் உள்ளே நுழைந்தார். இவர் எங்கள் தெருவின் இலவச சட்ட ஆலோசகர். என்ன படித்திருக்கிறார் என்று யாருக்கும் தெரியாது, ஆனால் எந்த விஷயத்திலும் தெரியாது என்று அவர் சொல்லி யாரும் கேட்டதில்லை. கையேட்டை வாங்கிப் பார்க்காமலேயே மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

"இதெல்லாம் தொழிலாளி வச்சிருக்கறவனுக்கு. நீங்க எதுக்குத் தொழிலாளி வைக்கறீங்க?"

"தூக்கறதுக்கு."

"அதில்ல. தொழிலாளின்னு எதுக்குப் பேர் வைக்கறீங்கன்னு கேட்டேன். ஒப்பந்தக்காரர்னு வைங்க. அவரு தனி ஆளு, தனித் தொழில், உங்களுக்கு ஒத்தாசை பண்றாரு. நீங்க காசு குடுக்கறீங்க. அவர் வரி அவர் பாடு. பிடித்தம் கிடையாது, பங்கு கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது. ஒரே ஒரு பேப்பர், வேலை முடிஞ்சுது."

"நீங்க அப்படித்தான் வச்சிருக்கீங்களா?"

"என் கடையில இருக்கற பையன் பத்து வருஷமா விருந்தாளி" என்றார் பெயிண்ட் கடைக்காரர் பெருமையாக.

ஒப்பந்தம் அன்றே தயாரானது. 'சுதந்திர ஒப்பந்தக்காரர்' என்ற சொல் அதில் ஏழெட்டு இடத்தில் வந்தது. நான்தான் நகல் எடுத்தேன், காசும் வாங்கினேன். மைத்துனர் கையெழுத்துப் போடுவதற்கு முன் முழுதும் படித்தார். படித்ததை நம்பவும் செய்தார்.

மறுநாள் பதினோரு மணிக்கு வேலைக்கு வந்தார்.

"மணி என்ன ஆச்சு மாப்ள?" சோபாக்காரர் வாயிலிருந்த ஆணிகளைத் துப்பிவிட்டே கேட்டார்.

"பதினொண்ணு மாமா. ஒப்பந்தத்துல நேரக் கட்டுப்பாடு இல்லன்னு போட்டிருக்கு. மூணாவது பத்தி."

"அது பேப்பர்ல! கடைக்கு எட்டரைக்கு வரணும்."

"அப்ப நான் சுதந்திரம் இல்லையா?"

"சுதந்திரம்தான். எட்டரைக்கு வந்துட்டு சுதந்திரமா இரு."

அன்றிலிருந்து சோபாக்காரர் ஒப்பந்தக்காரரை வேலைக்காரராக்கும் முயற்சியில் இறங்கினார். வரும் நேரம், போகும் நேரம் எழுதிவைக்கச் சொன்னார். கடைப் பெயர் முதுகில் தைத்த நீலச் சட்டை இரண்டு கொடுத்தார். ஸ்டேப்ளர் கன்னைத் தன் அனுமதி இல்லாமல் தொடக்கூடாது என்றார். வெளியிடத்தில் யாராவது நாற்காலி தைத்துத் தரக் கேட்டால் ஒத்துக்கொள்ளக்கூடாது என்றார். சுதந்திர ஒப்பந்தக்காரர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். இப்படியே ஏழெட்டு மாதம் ஓடியது.

தொல்லை கடையில் வரவில்லை, வீட்டில் வந்தது. சாயங்காலம் களைத்துப்போய் வந்தால் சோபாக்காரருக்கு உட்கார இடமில்லை. ஹால் சோபாவின் ஒரு கோடியில் மைத்துனர் தலை, மறுகோடிக்கு வெளியே கால். "தனியா ஒரு ரூம் பாத்துக்கோ மாப்ள. சம்பாதிக்கிற ஆள் நீ" என்று நச்சரிக்க ஆரம்பித்தார். மைத்துனரும் இரண்டு தெரு தள்ளி ஓர் அறை பார்த்தார். நல்ல ஜன்னல், தனிக் குழாய். வீட்டுக்கார அம்மா சம்பளச் சீட்டு கேட்டார். இவர் ஒப்பந்தத்தைக் காட்டினார்.

அந்த அம்மா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தாராம். "சுதந்திரமா இருக்கறவங்க வாடகையையும் சுதந்திரமாத்தான் குடுப்பாங்க. சம்பளச் சீட்டு இருந்தா வாங்க தம்பி" என்று கதவைச் சாத்திவிட்டார்.

மைத்துனர் கடைக்கு வந்து கேட்டார். அந்த நேரம் பார்த்து சோபாக்காரர் ஒரு ஸ்பிரிங்கோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். அது கையைக் கிழித்துவிட்டிருந்தது.

"ஒப்பந்தக்காரனுக்கு ஏதுடா சம்பளச் சீட்டு? என்னைக் கேட்டா? போய் வரி ஆபீஸ்ல கேளு!"

கோபத்தில் சொன்ன சொல். வேறு யாராயிருந்தாலும் முணுமுணுத்துவிட்டு ஒதுங்கியிருப்பார்கள். மைத்துனர் நீலச் சட்டையைச் சரிசெய்துகொண்டு பேருந்து ஏறி வரி அலுவலகத்துக்குப் போனார்.

மத்தியானம் மலர்ந்த முகத்தோடு திரும்பினார். "ரொம்ப நல்லவங்க மாமா. உக்கார வச்சுப் பேசினாங்க. சீட்டு முதலாளிதான் தரணுமாம். உங்க நம்பர் என்னன்னு கேட்டாங்க. செல் நம்பர் சொன்னேன், அது இல்லையாம். முதலாளிக்குன்னு ஒரு நம்பர் இருக்காமே? இல்லன்னதும் அவங்களே கவலைப்பட்டு, கடை விலாசம் கேட்டு எழுதிக்கிட்டாங்க. வந்து பாக்கறாங்களாம்."

சோபாக்காரர் எழுந்து நிற்கப் பார்த்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு மறுபடி உட்கார்ந்தார். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொள்பவர்கள் உண்டு. இவர் ஓணானுக்குப் பேருந்துக்கு வழி சொல்லி அனுப்பியிருக்கிறார்.

அடுத்த வாரமே வரி அலுவலகத்திலிருந்து ஓர் அம்மா வந்தார். வயது முப்பதுக்குள்தான் இருக்கும். அதட்டல் இல்லை, மிரட்டல் இல்லை. துணி போர்த்தாத சோபா ஒன்றின் ஓரத்தில் உட்கார்ந்து, மடியில் ஒரு ஃபைலை விரித்துக்கொண்டார். சோபாக்காரர் ஒப்பந்தத்தின் நகல் ஒன்றை நீட்டினார். பிறகு அக்கறையாக இன்னொன்றையும் நீட்டினார். பெயிண்ட் கடைக்காரரும் அப்போது அங்கேதான் இருந்தார். அடையாள அட்டையைப் பார்த்ததும் கடையில் பால் பொங்குகிற ஞாபகம் வந்து கிளம்பிவிட்டார். பெயிண்ட் கடையில் பால் எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்கவில்லை. நான் என் வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டேன், அந்த நேரம் பார்த்து எனக்கு வாடிக்கையாளர் யாருமில்லை.

"இவர் சுதந்திர ஒப்பந்தக்காரர். சரி. நான் அவர்கிட்டயே கேக்கறேனே" என்றார் அந்த அம்மா. "நீங்க எத்தனை மணிக்கு வேலைக்கு வருவீங்க?"

"எட்டரைக்குங்க" என்றார் மைத்துனர். "எட்டு நாப்பதுக்கு வந்தாக்கூட மாமா கடிகாரத்தைப் பாத்துட்டு என்னைப் பாப்பார்."

சோபாக்காரர் இருமினார்.

"அந்தச் சுத்தியல், மெஷின், இதெல்லாம் யாரோடது?"

"எல்லாம் மாமாவோடது. அதோ அந்த ஸ்டேப்ளர் கன்னை நான் தொடவே கூடாது. ஒரு தடவை தொட்டேன், நாலு நாள் பேசல."

"வேற யாருக்காவது இந்த வேலை செஞ்சு குடுக்கறீங்களா?"

"சேச்சே, மாமா விடமாட்டார்." மைத்துனர் பெருமையோடு முதுகைத் திருப்பிச் சட்டையில் தைத்திருந்த கடைப் பெயரைக் காட்டினார். "நான் இந்தக் கடை ஆளுங்க."

"லீவு வேணும்னா?"

"கேக்கலாம். பல் வலின்னு ஒரு நாள் கேட்டேன். 'நீ என்ன வாயாலயா வேலை செய்யறே'ன்னார். யோசிச்சுப் பாத்தா, ஆமாங்க. ஆணியெல்லாம் வாயிலதானே வச்சிருக்கோம்."

அந்த அம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு எழுதினார். சோபாக்காரரின் இருமல் இப்போது காசநோய்க்காரர் இருமல் போலாகிவிட்டது. "தண்ணி குடிங்க மாமா" என்று அக்கறையாகக் கொடுத்தார் மைத்துனர்.

"ஒரு சோபா பாழாச்சுன்னா நஷ்டம் யாருக்கு?"

"நஷ்டம் அவருக்கு, திட்டு எனக்கு."

அவ்வளவுதான். அந்த அம்மா ஃபைலை மூடினார். "பேப்பர்ல என்ன பேர் வேணும்னாலும் எழுதலாம்ங்க. நேரம் உங்களோடது, கருவி உங்களோடது, சட்டை உங்களோடது, லாபநஷ்டம் உங்களோடது. அப்ப ஆளும் உங்க ஆள்தான். இவர் தொழிலாளி, நீங்க முதலாளி."

இத்தனை நாள் முதலாளி என்று கூப்பிடச் சொன்ன மனிதருக்கு, முதல்முறையாக ஓர் அரசு அதிகாரி வாயாலேயே அந்தப் பட்டம் கிடைத்தது. ஆனால் வாங்கிக்கொண்ட முகம் வாடித்தான் இருந்தது.

"இப்ப என்ன மேடம் பண்றது?"

"வேலைக்குச் சேந்த நாள்லேருந்து கட்டணும். உங்க பங்கும், அவர்கிட்ட பிடிச்சிருக்க வேண்டியதும்."

"அவன் பங்கை அவன்கிட்டதானே வாங்கணும்?"

"அப்பவே பிடிச்சிருக்கணும். பிடிக்காம விட்டது நீங்கதானே? இப்ப நீங்கதான் கட்டணும். நீங்களே வந்து பதிஞ்சுட்டா அபராதத்தைக் குறைக்கச் சொல்லி எழுதறேன்." எழுந்து நின்றவர் இன்னொன்றும் சொன்னார். "ஒரு விஷயம் மட்டும் மனசுல வச்சுக்குங்க. உங்க சொந்த வரியைக் கட்டலன்னா அது கடன். அவர் சம்பளத்துல பிடிச்சு வச்சுக்கிட்டுக் கட்டலன்னா அதுக்கு வேற பேரு."

அந்த வேறு பேர் என்னவென்று சோபாக்காரர் கேட்கவில்லை.

புதுத் தையல் மெஷினுக்கென்று சேர்த்துவைத்திருந்த பணம் அப்படியே போய்ச் சேர்ந்தது. அவர் மனைவி ஒன்றும் சொல்லவில்லை. ஒன்றும் சொல்லாமல் இருப்பதை அந்த அம்மா எவ்வளவு சத்தமாகச் செய்வார் என்பது எங்கள் தெருவுக்கே தெரியும். மூன்றாம் நாள் மட்டும் ஒரு வார்த்தை: "நான் கேட்டப்பவே பதிஞ்சிருந்தா பாதிதான் ஆகியிருக்கும்."

சரி, பதிந்தாயிற்று. எண் வந்தது. அதைக் கடைச் சுவரில் மாட்டினார். முதல் சம்பளச் சீட்டையும் எழுதினார். என் கடையில் உட்கார்ந்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, பரீட்சை எழுதுகிற பிள்ளை மாதிரி எழுதினார். மொத்தம் இவ்வளவு, வரிப் பிடித்தம் இவ்வளவு, நிதிப் பிடித்தம் இவ்வளவு, பிடித்தம் போக மீதி இவ்வளவு.

மைத்துனர் சீட்டை வாங்கிப் பார்த்தார். பணத்தை எண்ணினார். மறுபடி சீட்டைப் பார்த்தார். இதற்காகத்தானே பேருந்து ஏறி அலுவலகம்வரை போய்வந்தார்? இப்போது அவர் கண்ணில் நீர் தளும்பியது.

"மாமா, என் காசை எடுத்துட்டீங்களே!"

"நான் எடுக்கல. பிடிச்சிருக்கேன்."

"ரெண்டும் ஒண்ணுதானே?"

"இல்ல மாப்ள. எடுத்தா எனக்கு. பிடிச்சா அவங்களுக்கு."

"அவங்க யாரு, என் சோபாவைத் தூக்க வந்தாங்களா? கொட்டாவி விட்டா வரின்னு நீங்கதானே சொல்வீங்க?"

அப்போது எங்கள் சோபாக்காரர் பேசிய பேச்சை வரி அலுவலகத்தார் கேட்டிருந்தால் சட்டம்போட்டு மாட்டியிருப்பார்கள். ரோடு எதில் போட்டது என்றார். உனக்கு வயசானால் யார் பார்ப்பார்கள், உன்னிடம் பிடிக்கிற அதே அளவு நானும் போடுகிறேனே, அது எவன் வீட்டுச் சொத்து என்றார். நாடு என்றார், கடமை என்றார். இருபது வருடம் வரியைத் திட்டிய அதே வாய்தான். ஒருவனை வரிக்கு எதிரியாக்க அவன் காசைப் பிடித்தால் போதும். வரிக்கு வக்கீலாக்க, அவனையே பிடிக்கச் சொல்லவேண்டும் போலிருக்கிறது.

அக்காவிடம் பிராது போனது. அக்கா தம்பியின் சீட்டைத் தன் சீட்டோடு வைத்துப் பார்த்து, "சரியாத்தான் பிடிச்சிருக்கார். உன்னை நம்பி இப்ப ஒருத்தி வீடு தருவா, போ" என்றார். வீட்டுக்கார அம்மா சீட்டைப் படித்துவிட்டுச் சாவியைக் கொடுத்தார். ஹால் சோபா விடுதலையடைந்தது.

பிடித்த பணத்தைச் சோபாக்காரர் ஒரு பிஸ்கட் டப்பாவில் தனியாக வைத்தார். கட்டவேண்டிய நாள் வரும்வரை அந்த டப்பா அவரைப் படுத்திய பாடு சொல்லி முடியாது. ஃபோம் வியாபாரி ஒருவர் பாதி விலைக்குச் சரக்கு இருப்பதாகச் சொன்னபோது, பெயிண்ட் கடைக்காரர் மறுபடி வந்து காதில் ஓதினார்.

"அந்தக் காசு இன்னும் மூணு வாரம் சும்மா தூங்கப்போகுது. எடுத்துப் புரட்டிட்டு வச்சிடுங்க. யாருக்குத் தெரியும்?"

சோபாக்காரர் டப்பாவைத் திறந்தார். பார்த்தார். மூடினார். திறந்தார். பிறகு அதைத் தூக்கிக்கொண்டு நேரே மனைவி வேலை பார்க்கும் ஹோட்டலின் பின்வாசலுக்குப் போய், "இதை நீயே வச்சுக்கோ. என்கிட்ட குடுக்காதே, நான் கேட்டாலும் குடுக்காதே" என்று கொடுத்துவிட்டு வந்தார். அந்த அம்மா மறுநாளே அதற்கென்று வங்கியில் தனிக் கணக்குத் திறந்துவிட்டார். பாதி விலை ஃபோம் கைநழுவிப் போனதில் சோபாக்காரருக்கு ஒரு நாள் முழுக்கச் சாப்பாடு இறங்கவில்லை.

ஒன்றரை வருடம் ஒழுங்காகப் போயிற்று. அப்போதுதான் மைத்துனர் ஒரு பெட்டி இனிப்போடு வந்து நின்றார். ஊருக்கு வெளியே பெரிய நாற்காலித் தொழிற்சாலையில் வேலை கிடைத்திருக்கிறது. அங்கே முன் அனுபவத்துக்கு ஆதாரம் கேட்டார்களாம். இவர் பதினெட்டு மாதச் சம்பளச் சீட்டையும் வரிசையாக அடுக்கி மேசைமேல் வைத்தாராம்.

"இவ்வளவு ஒழுங்கா யாருமே கொண்டுவந்ததில்லைன்னாங்க மாமா. எல்லாம் உங்களாலதான்."

சோபாக்காரரால் அழவும் முடியவில்லை, சிரிக்கவும் முடியவில்லை. தன் கையால் அழகாக எழுதி எழுதி, தன் ஆளையே அடுத்தவனுக்குக் கொடுத்தாயிற்று. சொந்தச் செலவில் சூனியம் என்பது இதுதான். ஆனாலும் வருடச் சான்றை எழுதிக் கொடுத்து, தோளைத் தட்டி, "அங்க யாராவது ஏதாவது கேட்டா, யோசிச்சுப் பதில் சொல்லு" என்று வழியனுப்பினார். திரும்பும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டதை நான் பார்த்தேன். கேட்டால் ஃபோம் தூசி என்றார்.

இனி ஆளும் இல்லை, பிடித்தமும் இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தவருக்கு மறுமாதம் செல்பேசியில் ஒரு செய்தி வந்தது. கணக்குத் தாக்கல் ஆகவில்லை. அலறியடித்துக்கொண்டு அலுவலகத்துக்கு ஓடினார். அன்றைக்குக் கடைக்கு வந்த அதே அம்மாதான் கவுண்டரில்.

"மேடம், என்கிட்ட இப்ப ஆளே இல்ல."

"அப்ப ஆள் இல்லன்னு கணக்குக் காட்டணும்."

"ஆள் இல்லன்னா கணக்கும் இல்லதானே?"

"இல்லைங்கறதும் ஒரு கணக்குதானே சார்? நீங்க பதிஞ்ச முதலாளி. மாசாமாசம் பூஜ்யம்னு போட்டுக் குடுக்கணும்."

"பதிவையே எடுத்துட்டா?"

"எடுக்கலாம். அதுக்குத் தனி விண்ணப்பம். ஒரு வருஷத்துக்கு யாரையும் வேலைக்கு வைக்கமாட்டேன்னு உறுதி குடுக்கணும்."

சோபாவுக்கு மறுமுனை இருக்கிறவரை அந்த உறுதியை அவரால் கொடுக்க முடியாது. மூன்று மாதம் பூஜ்யம் போட்டார். பூஜ்யம் போடுவதற்கும் அதே தாளில் அத்தனை கட்டங்களையும் நிரப்பவேண்டியிருந்தது. "ஆள் இல்லன்னு எழுதற நேரத்துக்கு ஒரு ஆளையே வச்சிடலாம்" என்று வீட்டில் சலித்துக்கொண்டார்.

"வைங்களேன்" என்றார் மனைவி.

"யாரை? உன் வீட்டுல இன்னொரு தம்பி இருக்கானா?"

"நான் இருக்கேன். ஹோட்டல்ல நாலு பேர் வேலையை என் தலையில கட்டியிருக்காங்க. அந்த மூட்டையைவிட உங்க சோபா ஒண்ணும் கனம் இல்ல."

சோபாக்காரருக்கு உற்சாகம் பொங்கிவிட்டது. மனைவி என்றால் வீட்டு ஆள். வீட்டு ஆளுக்கு ஏது சம்பளம், ஏது பிடித்தம்? "அட, இது ஏன் எனக்கு முன்னாடியே தோணல! நீ சும்மா வந்து ஒரு கை குடுத்தா…"

அந்த அம்மா பார்த்த பார்வையில் வாக்கியம் பாதியில் நின்றது.

"சும்மா எல்லாம் இல்ல. ஹோட்டல்ல என்ன வாங்கறேனோ அதுக்கு ஒரு படி மேல. வாரம் ஒரு நாள் லீவு. மாசக் கடைசியில சீட்டு. என் பங்கைப் பிடிங்க, உங்க பங்கைப் போடுங்க. இருபது வருஷமா சேருது என் நிதி, உங்களுக்காக நான் நிறுத்தமாட்டேன்."

"பொண்டாட்டிகிட்டயே வரி பிடிக்கச் சொல்றியா?"

"பிடிக்காம விட்டா என்ன ஆகும்னு உங்களுக்குத்தான் நல்லாத் தெரியுமே."

இப்போது எதிர்க் கடையில் இரண்டு பேர் வேலை செய்கிறார்கள். ஸ்டேப்ளர் கன் அந்த அம்மா கையில் இருக்கிறது. வாயில் ஆணியோடும் பேசத் தெரிந்தவர் என்பதால் கடையில் முன்னைவிடப் பேச்சு அதிகம், பேசுகிற ஆள்தான் மாறியிருக்கிறார். கடை நேரத்தில் கணவரை "முதலாளி" என்றே கூப்பிடுகிறார். அதைக் கேட்கும்போதெல்லாம் அந்த மனிதர் லேசாகக் குனிந்துகொள்கிறார்.

போன மாதக் கடைசியில் சீட்டையும் பணத்தையும் கொடுத்தார். அந்த அம்மா ஒவ்வொரு வரியாக விரல்வைத்துப் படித்தார், எண்ணிப் பார்த்தார், பைக்குள் வைத்து ஜிப்பை மூடினார். அதன்பிறகும் கையை நீட்டியபடியே நின்றார்.

"இன்னும் என்ன?" என்றார் சோபாக்காரர்.

"வீட்டுச் செலவுக்கு?"

"இப்பத்தானே குடுத்தேன்!"

"அது முதலாளி குடுத்தது" என்றார் அந்த அம்மா. "புருஷன் குடுக்க வேண்டியது எங்கே?"